இடிந்த வீட்டுக்குப் பூச்சு வேலை

என் வீட்டுக்காரர் வீடு கட்டுகிறவர். நான் இடிந்த வீடு செய்கிறவள். இதைச் சொன்னால் ராஜபாளையத்தில் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் என் வீட்டுக்காரரைப் பாவமாகப் பார்ப்பார்கள். என்னைப் பாவம் என்று இதுவரை ஒருத்தர் சொன்னதில்லை.

விளக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களும் என்னை ஒரு மாதிரிதான் நினைப்பீர்கள். மேசைமேல் ஆடுகிற போர் விளையாட்டு என்று ஒன்று இருக்கிறது. கட்டில் அகலத்துக்கு ஒரு மேசை. அதில் விரல் உயரச் சிப்பாய்கள், பீரங்கிகள். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். டேப் வைத்து அளந்து சிப்பாயை நகர்த்துவார்கள், பகடை உருட்டிச் சுடுவார்கள். மாதச் சம்பளம் வாங்குகிற பெரிய பெரிய ஆட்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதில் உட்கார்ந்திருப்பார்கள். சிப்பாய் ஒளிந்துகொள்ள ஏதாவது வேண்டும் இல்லையா? குன்று, மரம், பாதிச் சுவர், கூரை போன வீடு. அதையெல்லாம் செய்து கொடுப்பதுதான் என் வேலை. வேலை என்று நான் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் "உன் பொம்மை" என்பார்.

என் மகள் பள்ளிக்கூடத்தில் படித்தவரை அவளுடைய ப்ராஜெக்ட் எல்லாம் நான்தான் செய்தேன். எரிமலை, நீர்ச் சுழற்சி, காற்றாலை என்று தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் செய்திருக்கிறேன். அவள் கோயம்புத்தூரில் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன பிறகு என் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. அந்தச் சமயத்தில் மதுரையிலிருந்து என் சித்தி மகன் வந்திருந்தான். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான், இந்தப் போர் விளையாட்டில் பைத்தியம். அலமாரி மேல் கிடந்த எரிமலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"யக்கா, இடிஞ்ச வீடு ஒண்ணு செஞ்சு தருவியா?"

"ஏலே, முழு வீடே செய்வேன். இடிஞ்சதுல என்ன கஷ்டம்? பாதியில நிறுத்துனா இடிஞ்ச வீடு."

எம்புட்டுக் கொழுப்பு பாருங்கள் எனக்கு. பாதியில் நிறுத்தினால் கிடைப்பது பாதி வீடுதான், இடிந்த வீடு இல்லை. பாதி வீட்டில் சிமெண்ட் மூட்டை கிடக்கும். இடிந்த வீட்டில் சுவரில் ஒரு காலண்டர் தொங்கும், மூலையில் சமையல் புகை படிந்திருக்கும், யாரோ இருந்துவிட்டுப் போன தடம் இருக்கும். இந்த வித்தியாசம் எனக்குப் பிடிபடுவதற்குள் செய்த வீடுகள் எல்லாம் குப்பைக்குத்தான் போயின.

சாமான்களுக்கு எனக்குப் பஞ்சமில்லை. சத்திரப்பட்டிப் பக்கம் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். கை கால் உடைந்தவர்களுக்குப் போடுகிற மாவுக்கட்டுத் துணி அங்கே உருளை உருளையாக வரும். ஈரம் பட்டு ஓரம் கெட்டித்துப் போனதைக் கழித்துவிடுவார்கள். சூப்பர்வைசரிடம் கேட்டு அதை வாங்கி வந்து, கசக்கிய காகிதத்தின் மேல் நனைத்துப் போட்டால் ஒரு மணி நேரத்தில் அருமையான மலை. புண்ணுக்குக் கட்டுகிற காஸ் துணியில் ஓரம் பிரிந்ததைப் பச்சைச் சாயத்தில் முக்கினால் சுவரில் படர்கிற கொடி. வடிகட்டிக் காயவைத்த டீத்தூள்தான் மண். மலைகளைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர், "மலைக்கு எந்தக் கால் உடைஞ்சது?" என்று கேட்பார். அதையும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோலவே கேட்பார்.

இப்படிச் சில்லறை சில்லறையாகச் செய்துகொண்டிருந்தபோதுதான் சித்தி மகன் போன் செய்தான். மதுரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய கூட்டம் போடுகிறார்களாம். கோயம்புத்தூர், சென்னை, பெங்களூரிலிருந்தெல்லாம் ஆடுகிறவர்கள் வருகிறார்களாம். ஹாலின் நடு மேசை முழுக்க என்னுடையதாம். மேசைக்கு நடுவில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று குண்டு விழுந்து இடிந்து நிற்க வேண்டும், சண்டையே அதைச் சுற்றித்தான்.

"யக்கா, போஸ்டர்லயே உன் பேரைப் போட்டுட்டோம்" என்று அனுப்பி வைத்தான். "நடு மேசை அமைப்பு" என்று போட்டு, அதன் கீழே பெரிய எழுத்தில் என் பெயர். என் கல்யாணப் பத்திரிகையில்கூட என் பெயரை அம்புட்டுப் பெரிதாக யாரும் அச்சடிக்கவில்லை. போனை விரித்து விரித்துப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்காரரிடம் காட்டினேன். "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, கம்பிக் கடைக்காரரிடம் போனில் சண்டை போட வாசலுக்குப் போய்விட்டார். போகட்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பெயருக்குக் கீழே, என் கட்டடம் நிற்க வேண்டும். வேறு ஒன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

புரட்டாசிக்குள் மூன்று மாடியும் எழும்பிவிட்டது. முட்டிக்கு மேல் உயரம். சுவரெல்லாம் ஃபோம் அட்டை. அதில் பேனா முனையால் செங்கல் செங்கலாகக் கீறி, சில செங்கல்களைக் கிள்ளி எடுத்து, ஒரு பக்கம் கூரை முதல் தரைவரை சரிந்து கிடப்பதுபோல் செய்திருந்தேன். ஹாலில் ஸ்டூல் மேல் வைத்துப் பசை காயவிட்டிருந்தேன்.

அப்போதுதான் என் வீட்டுக்காரருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு வேலை வருகிற மாதிரி இருந்தது. பாத்திரக்கடைக்காரர் ஒருவர், சொந்தமாகப் பெரிய வீடு கட்டப் போகிறார். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கான்ட்ராக்டரிடம் வேலையை ஒப்படைப்பதற்கு முன்னால், பேசுகிற சாக்கில் குடும்பத்தோடு அவன் வீட்டுக்கு ஒரு நடை வந்துவிடுவார்கள். காபி குடித்துக்கொண்டே கண் சுவரெல்லாம் ஓடும். தளம் மட்டமாக இருக்கிறதா, சுவரில் ஓதம் அடிக்கிறதா, கதவு கீச்சிடுகிறதா என்று பார்ப்பார்கள். பாத்ரூம் போகிற மாதிரிப் போய்க் குழாயைத் திறந்து பார்க்கிறவர்களும் உண்டு. மழைக்கு முன்னால் இந்த வேலையைப் பிடித்துவிட வேண்டும் என்று அவர் தவியாய்த் தவித்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் முதலில் பட்டது என் கட்டடம்.

"ஏட்டி, ஞாயித்துக்கிழமை அவிய குடும்பத்தோட வாராக. அதுக்குள்ள இதை எங்கயாச்சும் கொண்டுபோய் வை. வீடு கட்டுறவன் வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் இடிஞ்ச வீடு நின்னா எவன் வேலை குடுப்பான்?"

"பசை காயலைங்க. இப்ப அசைச்சா நடு மாடி சாஞ்சிரும். ஒரு வேட்டியைப் போட்டு மூடி வைங்க."

"மூடி வைக்கவா? நல்ல காரியம் பேச வார எடத்துல, நடு வீட்டுல, வெள்ளை வேட்டி போட்டு மூடி?"

அதுவும் சரிதான். ஆனால் அசைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை, அந்த ஊருக்குப் பக்கத்திலேயே திருவண்ணாமலை என்று இருக்கிற குன்றுக்குப் போய் மலைமேல் பெருமாளைப் பார்க்காமல் நான் இருந்ததில்லை. கூட்டத்தில் இடிபட்டுப் படியேறி, "கட்டடம் நல்லபடியா மதுரை போய்ச் சேரணும்" என்றுதான் வேண்டிக்கொண்டேன். பெருமாளுக்குக் கேட்டிருக்கும். அவருக்கும் அந்த நேரத்தில் ராஜபாளையத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை இருட்டுகிற நேரம் வீட்டுக்குள் நுழைந்தேன். ஸ்டூல் மேல் ஈரச் சாக்குப் போர்த்திய ஏதோ ஒன்று. கீழே தரையில் தண்ணீர். என் வீட்டுக்காரர் கையில் சொம்போடு நின்றுகொண்டிருந்தார்.

"வந்துட்டியா? கண்ணை மூடு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூடக் கண்ணை மூடு என்று சொல்லாத மனுஷன். நான் மூடவில்லை. அவர் சாக்கை எடுத்தார்.

என் கட்டடத்துக்குக் கூரை இருந்தது. சரிந்து கிடந்த பக்கம் முழுசாக எழும்பி, பூசி, இளநீல பெயிண்ட் அடித்திருந்தது. ஜன்னல் ஒவ்வொன்றுக்கும் மேலே சன்ஷேட். முன்னால் இரண்டு தூண் வைத்து ஒரு போர்ட்டிகோ. மாடிக்குப் பக்கவாட்டில் படி, படிக்குக் கைப்பிடி. மொட்டை மாடியில் மருந்து பாட்டில் மூடியைக் கவிழ்த்துக் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. நான் பச்சைச் சாயம் முக்கி ஒட்டிய கொடியையெல்லாம் பிய்த்துவிட்டு, அந்த இடத்தில் சுண்ணாம்பு வெள்ளை. திருஷ்டிக்கு ஒரு மிளகாய்ப்பழ அளவில் பூசணிக்காய் முகம்கூடத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஊரிலிருந்து கொண்டுவந்த பையை அப்படியே தரைத் தண்ணீரில் வைத்துவிட்டேன். அவர் அதை சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்.

"நானும் கொத்தனாரும் ரெண்டு நாளா வேற சோலி பாக்கலை தெரியுமா? உள்ள கட்டுக்கம்பி குடுத்து, கோழிவலை அடிச்சு, சல்லடையில சலிச்ச மணலைப் போட்டுப் பூசியிருக்கு. நீ மேல ஏறி நின்னாலும் ஒண்ணும் ஆகாது."

"சிமெண்ட்டா பூசுனீங்க?"

"பொறவு? இறுகுறதுக்கு நாளைக்கு வரைக்கும் தண்ணி காட்டணும். காலையும் சாயங்காலமும் நானே ஊத்துதேன், நீ சிரமப்படாதே."

"இடிஞ்சு நிக்கணும்னுதான செஞ்சேன்! இடிஞ்சு நிக்கணும்னுதான!"

"இடிஞ்சதுலயும் ஒரு ஒழுங்கு வேண்டாமாட்டி? தூக்குக் குண்டு விட்டுப் பாத்தா ஒரு சுவரு நேரா நிக்கலை. மூணு மாடி வச்சிருக்கே, மேல போகப் படியே வைக்கலை. நீ கஷ்டப்பட்டு செஞ்சதை மூடி வைக்க எனக்கு மனசு வரலை. அதான், சரி, ஒழுங்கு பண்ணிருவோம்னு."

உண்மையாகவே எனக்கு நல்லது செய்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அதுதான் என்னை இன்னும் பைத்தியமாக்கியது. அவருடைய சாமான் பையிலிருந்து சுத்தியலை எடுத்து போர்ட்டிகோ தலையில் ஓங்கி ஒரு போடு போட்டேன். சுத்தியல் எகிறி என் முழங்கையில் பட்டது. போர்ட்டிகோவில் ஒரு பொட்டு உதிரவில்லை. ஊரில் கட்டுகிற வீடெல்லாம் இதே உறுதியோடு இருந்தால் இவருக்கு எதற்கு வேலைக்குப் பஞ்சம் என்று அந்த வலியிலும் தோன்றியது. இரண்டாவது அடிக்கு ஓங்குவதற்குள் அவர் பாய்ந்து வந்து கட்டடத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"அடிக்காதட்டி! நாளைக்கு அவிய இதை எடுத்துக்கிட்டுப் போக வாராக!"

அப்போதுதான் மீதியைச் சொன்னார். பாத்திரக்கடைக்காரர் குடும்பம் மத்தியானம் வந்திருக்கிறது. தளத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கவில்லை, குழாயைத் திறக்கவில்லை. கடைக்காரர் மனைவி உள்ளே நுழைந்ததும் இந்தக் கட்டடத்தின் முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். எங்களுக்கு இதே மாதிரி வீடுதான் வேண்டும், போர்ட்டிகோவும் படியும் இதேபோல இருக்க வேண்டும் என்று சொல்லி வேலையை உறுதி செய்துவிட்டார்களாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் மனையில் பூமி பூஜை. சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்க்க இதை அங்கே வைக்க வேண்டுமாம்.

எனக்கும் அதே ஞாயிற்றுக்கிழமைதான்.

மறுநாள் சாயங்காலம் கடைக்காரரும் மனைவியும் வந்தார்கள். கடைக்காரர் மனைவி நல்ல அம்மாள், வந்ததும் பால்கோவா டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு நேராகக் கட்டடத்துக்குப் போனார். ஜன்னலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். நான் உள் சுவரில் ஒட்டியிருந்த, நகம் அளவு காலண்டர் மட்டும் எப்படியோ பூச்சுக்குத் தப்பியிருந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்தார்.

"அண்ணாச்சி, காலண்டர்கூட மாட்டி வச்சிருக்கு பாருங்களேன். இம்புட்டு லட்சணமா யாரு செஞ்சது?"

நான் காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், அந்த அம்மாளைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"நானும் எங்க கொத்தனாருமா செஞ்சோம்மா."

நான் சமையலறைக்குப் போய்விட்டேன். அன்றைக்குக் காபியில் சர்க்கரை போட மறந்துவிட்டேன் என்று பிறகு சொன்னார். மறக்கவில்லை. ஹாலில் அவர்கள் மூன்று பேரும் மூச்சுப் பிடித்துக் கட்டடத்தைக் காருக்குத் தூக்குகிற சத்தம் கேட்டது. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஃபோமும் அட்டையும் போனதற்கு இல்லை. ஒரு வாய் வார்த்தைதானே, அதை எனக்குக் கொடுக்க அவரால் முடியவில்லையே என்று.

கார் போனதும் கேட்டேன். "உங்க வேலையா அது?"

"வேற என்னன்னு சொல்ல? என் வீட்டுக்காரி இடிஞ்ச வீடா செஞ்சா, நீங்க வாரீகன்னு நான் பூசி மறைச்சேன்னு சொன்னா வேலை குடுப்பாகளா? நீயே சொல்லு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கு அப்போது நியாயம் வேண்டியிருக்கவில்லை. அவரோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

சித்தி மகன் போன் செய்தான். "யக்கா, நடுக் கட்டடம் ரெடியா?"

"ரெடிலே" என்றேன். ஹாலில் ஸ்டூல் மட்டும் ஈரமாக நின்றுகொண்டிருந்தது.

அந்த வாரம் கம்பெனி விட்டு வந்ததும் தரையில் உட்கார்ந்துவிடுவேன். ஃபோமை அறுக்கச் சூடான கம்பி ஒன்று வைத்திருக்கிறேன். அவசரத்தில் அது ஃபோமை அறுத்ததைவிட என் விரல்களை அதிகமாகச் சுட்டது. நாள் முழுக்கக் காஸ் துணியைச் சரிபார்த்துவிட்டு வந்து, அதே துணியை என் விரலில் சுற்றிக்கொண்டு செங்கல் கீறினேன். சோறு பொங்கினேன், குழம்பு வைக்கவில்லை. அவர் ஊறுகாய் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, தூரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

பேச்சு இல்லை என்பதால் அவர் மின்விசிறியிடம் பேச ஆரம்பித்தார்.

"இந்தத் தடவையாச்சும் மாடிப்படி எந்தப் பக்கம் வருதுன்னு யோசிச்சா நல்லது" என்றார் மின்விசிறியைப் பார்த்து.

"தெரிஞ்சவுக வரைஞ்சு காட்டட்டும்" என்றேன் நான் பசை டப்பாவிடம்.

அவ்வளவுதான், மனுஷன் பென்சிலோடு தரைக்கு வந்துவிட்டார். படிக்கு எவ்வளவு இடம் வேண்டும், எங்கே திரும்பும், எந்தச் சுவர் அதைத் தாங்கும் என்று அட்டையில் வரைந்தார். அதன்படி வைத்துப் பார்த்தேன். படி மட்டும் மூன்றாவது மாடிவரை முழுசாக ஏறிப் போய், போய்ச் சேர வேண்டிய அறை இல்லாமல் அந்தரத்தில் நின்றது. முந்தைய கட்டடத்தைவிட இது பத்து மடங்கு நன்றாக இருந்தது. எனக்கு அதை ஒப்புக்கொள்ளப் பிடிக்கவில்லை, அதனால் பசை டப்பாவிடமும் சொல்லவில்லை.

ஆனால் இடிப்பதற்கு அவர் லாயக்கே இல்லை. சுவரில் நான் ஒரு விரிசல் கீறியதும் அவர் விரல் பசையைத் தொட்டுக்கொண்டு தானாக அங்கே போகும். ஸ்கேலால் ஒரு போடு போடுவேன். "கை பழகிப்போச்சு" என்று மின்விசிறியிடம் சொல்வார். வெள்ளிக்கிழமை ஒரு ஜன்னல் சுவரை அவர் முன்னால் வைத்து, இதை மட்டும் உடைத்துக் கொடுங்கள் என்று சைகை காட்டினேன். கையில் எடுத்தார், திருப்பினார், கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மூலையை ஒடித்தார். ஒடித்துவிட்டு எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, தேவையே இல்லாமல் கடைத்தெருவுக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் கட்டடம் நின்றது. இல்லை, இடிந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கிளம்பினோம், அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் பூஜைக்கு, நான் மதுரைக்கு. வாசலில் வேட்டி சட்டையோடு நின்று, அந்த வாரத்தில் முதல் தடவையாக என்னைப் பார்த்தே பேசினார்.

"பூஜை முடிஞ்சதும் வாரேன்."

"வேண்டாம். உங்க வீட்டை நீங்க பாருங்க, என் வீட்டை நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். செங்கோட்டையிலிருந்து வருகிற வண்டியில் மதுரைவரை அந்தப் பெட்டிமேல் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

மதுரையில் ஹால் நிறைய ஆட்கள். நடு மேசையில் என் மாவுக்கட்டு மலைகள், மரங்கள், உடைந்த சுவர்களை எல்லாம் பரப்பி, நடுவில் கட்டடத்தை வைத்தேன். சுவரில் போஸ்டர் ஒட்டியிருந்தது. சுற்றி நின்று போனில் படம் எடுத்தார்கள். "இந்தப் படியைப் பாருங்களேன்" என்று ஒருவர் இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு எங்கே நிற்பது, கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. இம்புட்டு சந்தோஷத்தைத் தனியாக நின்று அனுபவிப்பதும் ஒரு கஷ்டம்தான்.

ஆட்டம் தொடங்கியது. ஒரு பக்கம் பெங்களூரிலிருந்து வந்த தாடிக்காரர், மறு பக்கம் என் சித்தி மகன். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாடிக்காரர் தன்னுடைய பெரிய பீரங்கியை என் கட்டடத்துப் பக்கம் திருப்பினார். சித்தி மகனின் சிப்பாய்கள் முக்கால்வாசிப் பேர் அதற்குள்ளேதான் இருந்தார்கள். கை நிறையப் பகடைகளை உருட்டினார். எல்லாமே ஆறு. ஹாலே கூச்சல் போட்டது.

"கட்டடம் காலி!" என்றார் தாடிக்காரர். அது அவர்கள் விதி. அத்தனை ஆறு விழுந்தால் கட்டடம் தரைமட்டம் என்று கணக்கு. அதைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு, அந்த இடத்தில் தட்டையாக ஒரு இடிபாட்டு அட்டையைப் போட்டு ஆட்டத்தைத் தொடருவார்கள். விதி எனக்கும் தெரியும். ஆனாலும் வந்து முழுசாக ஒரு பொழுதுகூட நிற்கவில்லையே என்று இருந்தது. அவர் இரண்டு கையையும் கட்டடத்துக்குக் கொண்டுபோனார்.

"ஏலே, கையை எடு!"

வாசலில் என் வீட்டுக்காரர். நெற்றியில் சந்தனம், கழுத்தில் பூஜைக்குப் போட்ட மாலை அப்படியே கிடக்கிறது, கையில் பிரசாதப் பை. பஸ்ஸிலும் அந்த மாலையோடுதான் வந்திருக்கிறார். செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு, சாமி சன்னதிக்குள் நுழைகிற மாதிரி உள்ளே வந்தார்.

"சார், ரூல் சார்" என்றார் தாடிக்காரர், மாலையைப் பார்த்துக்கொண்டே. "பில்டிங் இடிஞ்சிருச்சு."

"இடிஞ்சதுதானய்யா அது! ஏற்கெனவே இடிஞ்சு நிக்கதை நீங்க எப்பிடி இடிப்பீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

"தம்பி, நான் வீடு கட்டுறவன். எனக்குத் தெரியும், இது கட்டுறதை விடக் கஷ்டம். இவ என் வீட்டுக்காரி. வாரம் பூரா வேலைக்கும் போயிட்டு வந்து, விரலெல்லாம் வெந்து, ஒரு ஒரு செங்கலா கிள்ளி எடுத்து வச்சிருக்கா. மொதல்ல ஒண்ணு செஞ்சா, அதை நான் கெடுத்துப்புட்டேன். கெடுத்ததைக் கொண்டுபோய் என் வேலைன்னும் சொல்லிட்டேன். காலையில பூஜையில ஊரே கூடி நின்னு என்னைப் பாராட்டுது, எனக்குத் தொண்டையில இட்லி எறங்கலை. அவியகிட்ட உள்ளதைச் சொல்லிட்டுத்தான் பஸ் ஏறுனேன். வேலை இருந்தா இருக்கு, போனாப் போகுது. இதுல ஒரு கல்லு அசையக் கூடாது, ஆமா."

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. இத்தனை பேர் முன்னால் இப்படிச் சத்தம் போடுகிறாரே, மாலையையாவது கழற்றிவிட்டு வந்திருக்கக் கூடாதா என்று. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

தாடிக்காரர் கையை எடுத்துவிட்டார். "சரி சார். பில்டிங் நிக்கட்டும். உள்ள இருக்கற சிப்பாய் மட்டும் அவுட்."

"சிப்பாய் போகட்டும். சிப்பாயைப் பத்தி எனக்கென்ன?" என்றார் இவர். சித்தி மகன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், இவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். அவன் சிப்பாய்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே வைத்தார்கள்.

பிறகு என் வீட்டுக்காரர் ஒரு நாற்காலியை மேசை ஓரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பகடை கட்டடத்துப் பக்கம் உருண்டால் குறுக்கே கையை வைத்தார். எல்லாருக்கும் பிரசாதம் கொடுத்தார். செத்த நேரம் கழித்து அவர் போன் அடித்தது. பேசி வைத்துவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் என்னிடம், "கடைக்காரம்மா சிரிச்சிட்டா. வேலை நமக்குத்தானாம். இடிஞ்சதையும் ஒருநாள் பாக்கணுமாம்" என்றார். சாயங்காலம் யார் ஜெயித்தார்கள் என்று நாங்கள் இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் பெட்டியை அவரேதான் மடியில் வைத்துக்கொண்டார், என்னைத் தொடவிடவில்லை. கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது பக்கத்து சீட்டில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். அவர் ஒன்றுமே கேட்கவில்லை. இவர் தானாகப் பெட்டியைத் திறந்து, "என் வீட்டுக்காரி செஞ்சது" என்று காட்டிக்கொண்டிருந்தார்.